மேற்படியின் மனைவியானவள்

ஊட்டி வட்டாரத்தில் மேற்படியின் பேனா படாத நிலம் கிடையாது. காந்தலில் கோழிக்கூடு வைக்கும் அளவுக்கு இடம் வாங்கியவரும் சரி, சோலூரில் கேரட் தோட்டம் வாங்கியவரும் சரி, அவர் எதிரில் பவ்யமாக உட்கார்ந்துதான் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள். மலையையே எழுதித் தீர்த்த அந்த மனிதருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி எழுத வராது. வராது என்றால் லேசாக வராமல் இல்லை. பேனாவை எடுப்பார், தொண்டையைக் கனைப்பார், குரங்குக் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிவார், மறுபடி மாட்டிக்கொள்வார், "ஒரு டீ சொல்லுங்க" என்பார். அத்தோடு அன்றைய எழுத்து முடிந்தது.

மேற்படி என்பது நாங்கள் வைத்த பெயர். பத்திரத்தில் வரும் அந்த வார்த்தை அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. டீக்கடையில் போய், "ஒரு டீ, ஒரு வர்க்கி. மேற்படி டீயில சர்க்கரை வேண்டாமுங்க" என்பார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால், "மேற்படி நாளில் மேற்படியாருக்கு வாழ்த்துகள்" என்று போடுவார். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபிக்க மாட்டார். "மேற்படின்னா ஏற்கெனவே சொன்ன ஆளுன்னு அர்த்தமுங்க. நமக்கு அறிமுகமே தேவையில்ல பாருங்க" என்று பெருமைப்படுவார்.

எங்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் பஷீர் பாயின் ஹார்டுவேர் கடை மாடியில் கூடும். கீழே ஆணி, குழாய், பெயிண்ட். மேலே தார்ப்பாய்ச் சுருள்களின் மேல் நாங்கள் சிலர் உட்கார்ந்து அவரவர் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருப்போம். சொந்த வாழ்க்கையை, நடந்தது நடந்தபடி, ஆனால் கதை மாதிரி சுவாரசியமாக எழுதிப் பழகுவது. அதுதான் நோக்கம். பாய் தன் வாப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நான் காந்தலில் வாழ்க்கைப்பட்டு வந்த கதையை எழுதிக்கொண்டிருந்தேன். எங்களில் யாருக்கும் எழுதத் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. ஒருவர் வாசித்தால் மற்றவர்கள் கை தட்டுவோம். அப்படியே காலம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது, மேற்படி மாடிப்படி ஏறி வரும் வரைக்கும்.

வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "என்ற மவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்குதுங்க. என்ன வேணும் கண்ணுன்னு கேட்டேன். நகை வேண்டாம், பண்டபாத்திரம் வேண்டாம், அம்மா எப்படி இருந்தாங்கன்னு எழுதிக் குடுங்கப்பாங்கறா" என்றார்.

மகள் தேன்மொழி கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் மனைவி சரஸ்வதி காய்ச்சலில் போய்விட்டாராம். வீட்டில் கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துப் போட்டோக்காரர் சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. "அது எனக்கு மனப்பாடம். அதுல இல்லாத அம்மாவ எழுதிக் குடுங்க" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

"எழுதறதுதானே நம்ம தொழிலு, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு வாய் விட்டுட்டனுங்க. ஒரு மாசமா ஒண்ணும் வரமாட்டேங்குது. கல்யாணத்துக்குள்ள எப்படியாச்சும் எழுதிக் குடுத்துப்போடணும். நீங்கெல்லாம் என்னமோ சொந்தக் கதை எழுதறீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்" என்றார்.

அதுவரை எழுதியதை வாசிக்கச் சொன்னோம். எழுந்து நின்று, கோர்ட்டில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நீலகிரி மாவட்டம், உதகை வட்டம், காந்தலில் வசிக்கும் என்னை, என் மனைவியானவள் தன் சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும் மணந்துகொண்டு, மேற்படி என் வீட்டுக்கு வந்து சேர்ந்து, அதுமுதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்து வந்ததில் யாதொரு வில்லங்கமும் இல்லை."

பஷீர் பாய்தான் மெதுவாகக் கேட்டார்: "கல்யாணம் பண்ணி வில்லங்கமே இல்லியா? அல்லாவே, எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடுங்க!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக அன்று என் முறை இல்லாவிட்டாலும் நான் எழுதியதை வாசிக்க ஆரம்பித்தேன்.

'பனி முத்தமிடும் நீலமலை அன்னையின் மடியில் என் புகுந்த வீடு பூத்திருந்தது' என்று தொடங்கும் கட்டுரை அது. எழுதி முடித்த அன்று எனக்கே கண் கலங்கிய வரி. மேற்படி கையைத் தூக்கினார்.

"ஏனுங்க அம்மணி, அந்த ஊட்டுக்குக் கிழக்கால என்ன இருக்குது?"

"தையல்காரர் வீடுங்க."

"மேக்கால?"

"குழாயடிக்கு இறங்குற படி."

"தெக்கால?"

"கோழிக்கறிக் கடை."

"வடக்கால?"

"வடக்கே வெறும் சுவருங்க. வருஷம் பூரா ஈரம். எங்க கல்யாணப் போட்டோவை அதுலதான் மாட்டினோம். பூஞ்சை பிடிச்சு எங்க வீட்டுக்காரர் மூஞ்சி மட்டும் போயிருச்சு. இப்ப நான் யாரைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்னு யாருக்கும் தெரியாது."

மாடியே அதிர்ந்தது. பாய் தார்ப்பாய்ச் சுருளிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். மேற்படி மட்டும் சிரிக்கவில்லை.

"இத்தன சமாசாரத்தக் கையில வெச்சுக்கிட்டு, அன்னை மடி, பனி முத்தம்னு எழுதறீங்களே! நாலு எல்லை சொல்லாத எடத்த ஆருங்க நம்பி வாங்குவாங்க?" என்று கடிந்துகொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அவரே ஒரு வரி எழுத வக்கில்லாதவர், என்னைச் சொல்ல வந்துவிட்டார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் முறைப்போடு கிழக்கே தையல்காரர் என்று எழுத ஆரம்பித்தேன். அந்த மெஷின் சத்தத்தில் என் மகன் தூங்கிப் பழகியது ஞாபகம் வந்தது. மெஷின் நின்றால் அவன் விழித்துக்கொள்வான். தையல்காரருக்குத் துணி வராத நாளில்கூட எனக்காகச் சும்மா மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார். அதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதோடு விட்டாரா? அடுத்தது சாட்சி. என் மாமியாரைப் பற்றிக் காரசாரமாக ஒன்று எழுதியிருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில், குளிர்காலத்தில், விடியற்காலையில் பாய்லரில் சுடும் முதல் தண்ணீரை அவரே எடுத்துக்கொண்டு போய்க் குளித்துவிடுவார். நான் நடுங்கிக்கொண்டு அடுத்த தண்ணீருக்குக் காத்திருப்பேன். அந்த அநியாயத்தைத்தான் உருக்கமாக எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

"இதுக்குச் சாட்சி ஆருங்க?" என்றார் மேற்படி.

"நான்தான்! என் கதைக்கு நான்தானே சாட்சி?"

"நீங்க கட்சிக்காரரு. கட்சிக்காரரே சாட்சி போட்டா செல்லாதுங்க. மாமியார்கிட்டப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்கோ."

"சார், எனக்கு அந்த வீட்ல இன்னும் குடித்தனம் பண்ணணும்!"

"அப்ப எழுதாதீங்க. அவங்க காதுக்குப் படிக்க முடியாதத ஊருக்குப் படிச்சா அது புறணி."

இரண்டு வாரம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, வருவது வரட்டும் என்று வாசித்துவிட்டேன். அத்தை கை நிற்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு பல் பூண்டை என் பக்கம் நீட்டி, "அது பழைய பாய்லரு. ராத்திரி தண்ணி நின்னா துருப் புடிக்கும். மொதத் தண்ணி செவச்செவன்னு வரும். புதுப்பொண்ணு தலையில அதையா ஊத்தச் சொல்ற? அதான் நான் ஊத்திக்கிட்டேன். நல்ல தண்ணி வரட்டும்னுதான் உன்ன நிக்க வெச்சேன்" என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லங்க அத்தை?"

"நீ கேட்டியா? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்ன. நான் கொழுப்புன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தனை வருஷக் கோபம் பூண்டுத் தோலோடு பறந்தது. அத்தை கையெழுத்தும் போட்டார். "நான் குறட்டை விடறதையும் எழுதிக்க. நீ விடறதையும் சேத்து எழுதோணும்" என்று நிபந்தனையும் போட்டார். துருத் தண்ணீரோடு சேர்த்துத் திருத்தி எழுதிய அந்தக் கட்டுரைதான் ஒரு வார இதழில் வந்தது. என் பெயரை முதல்முதலாக அச்சில் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை அதைக் கத்தரித்து அரிசி டின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்படி எங்களையெல்லாம் எழுத வைத்தவர், தான் மட்டும் 'மனைவியானவள்' வாசலைத் தாண்டவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் புதுத் தாளோடு வருவார். இரண்டு வரி, மூன்று வரி முத்து முத்தாக ஓடும். ஏதாவது ஒரு வார்த்தை பிசகும். உடனே தாளைச் சரக்கென்று கிழித்துவிடுவார். ஏன் சார் என்றால், "அடித்தல் திருத்தல் இருந்தா சந்தேகம் வருமுங்க. மவ கையில குடுக்கறது சுத்தமா இருக்கோணும்" என்பார்.

கிழித்த தாள்கள் பாய் கடையில் மூட்டையாகச் சேர்ந்தன. பாய் சிக்கனக்காரர். கடைப்பையன்களிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, ஆணி, திருகு எல்லாம் அதிலேயே பொட்டலம் கட்டித் தர ஆரம்பித்தார்கள். காந்தல் முழுக்க 'என் மனைவியானவள்' ஆணியோடு சேர்ந்து வீடு வீடாகப் போனாள். ஒரு நாள் எங்கள் தெருப் பிளம்பர் மாடிக்கே வந்து தலையை நீட்டினார்.

"ஏனுங்க பாய், போன வாரம் வாஷர் கட்டிக் குடுத்த காயிதத்துல அந்தம்மா பஸ்ஸ உட்டு எறங்குச்சு. அப்பறம் என்னாச்சுங்க? ஊட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா."

மேற்படி கூனிக்குறுகிப் போனார். "அப்பறம் இன்னும் எழுதலீங்க" என்று பிளம்பரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறும் வந்துவிட்டது. பத்திரிகை கொடுத்து முடித்து, மண்டபத்துக்குச் சொல்லி, சமையலுக்கு ஆள் பேசி, எல்லாம் ஆயிற்று. அந்த ஒரு பக்கம் மட்டும் ஆகவில்லை. மேற்படி வந்து உட்கார்ந்தார், எழுதினார், சரக்கென்று கிழித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"சார், அந்தப் பொண்ணு உங்ககிட்ட பட்டா கேக்கலை, அம்மாவைக் கேக்கறா! தப்பா வந்தா அடிங்க, அடிச்சுட்டு மேல எழுதுங்க. இன்னொரு தாள் கிழிச்சீங்கன்னா நான் இந்தக் கூட்டத்துக்கே வரமாட்டேன்!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாய் பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தார். "பத்திரத்துல அடிச்சா என்ன பண்ணுவீங்க மேற்படி?"

"ஓரத்துல சாட்சி சுருக்கொப்பம் வைக்கோணுமுங்க. அப்ப செல்லும்."

"அவ்வளவுதானே? நானும் தங்கச்சியும் வைக்கிறோம். நீங்க தைரியமா அடிங்க."

மேற்படிக்கு அந்த ஏற்பாடு மனதுக்குப் பிடித்தது. எழுதினார். நிறுத்தினார். ஸ்கேலை வைத்து ஒற்றைக் கோடாக அடித்தார். நன்றாகக் கிறுக்கி அடியுங்கள் என்றேன். "அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியோணுமுங்க. மறைச்சா மோசடி" என்றார். எழுதியதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஓரத்தை மட்டும் எங்களிடம் நீட்டினார். பாயும் நானும் சுருக்கொப்பம் வைத்தோம். மறுபடி எழுதினார், அடித்தார், நீட்டினார். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தத் தாளில் எழுத்தைவிட எங்கள் ஒப்பம்தான் அதிகம் இருந்தது. ஆனால் தாள் கிழியவில்லை. பக்கம் முடிந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். "கையெழுத்துப் போட்டவங்க எதுக்கால இருக்கோணுமுங்க" என்றார். வீடு நிறைய கோயமுத்தூரிலிருந்து வந்த ஒறம்பரை, சொந்தபந்தம். தேன்மொழி கைநிறைய மருதாணியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மேற்படி எழுந்து நின்று தாளைப் பிரித்தார். அடிக்காத வரிகளை மட்டும் பொறுக்கி வாசித்தார்.

"உன் அம்மா நல்லவள். மாநிறம். நடுத்தர உயரம். சிக்கனமானவள். பெரியவர்களிடம் மரியாதை உள்ளவள். உன்மேல் பாசமாக இருந்தாள்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. இத்தனை பாடும் இதற்கா என்று பாய் முகத்தைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி தன்னைச் சமாளித்துக்கொண்டு, "நல்லா இருக்குதுங்கப்பா. குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்று மருதாணி படாமல் விரல்நுனியால் தாளை வாங்கினாள்.

வாங்கியவள் தாளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடித்திருந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்தாள்.

"மார்க்கெட்டில் கேரட் வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் வழியிலேயே கடித்துத் தின்றுவிடுவாள். பையில் தழைதான் இருக்கும். ஏன் என்றால், பஸ் வரவில்லை என்பாள்."

"அது அடிச்சது கண்ணு! உட்டுப்போடு, அது கணக்குல வராது!" மேற்படி பதறி எழுந்தார்.

"சாட்சிக் கையெழுத்து இருக்குதேங்கப்பா" என்று தாளை எட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்ததை வாசித்தாள். "கோபம் வந்தால் பேச மாட்டாள். ஆனால் தோசை முறுகலாக வரும். நான் வேண்டுமென்றே கோபப்படுத்துவேன்."

ஒறம்பரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் அடுத்த வரிக்குப் போனாள். போனவள் வாசிக்காமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெல்ல வாசித்தாள்.

"சிரித்தால் மூக்கில் கொர்ரென்று ஒரு சத்தம் வரும். அவளுக்கு அதில் வெட்கம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் தினமும் ஏதாவது கோமாளித்தனம் பண்ணுவேன். அவள் போன பிறகு நான் யாரையும் சிரிக்க வைத்ததில்லை."

மேற்படி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தேன்மொழி தாளை மடியில் வைத்துவிட்டு அழுதாள்.

"இந்தச் சத்தம் எனக்கும் வருதேப்பா! ஸ்கூல்ல பன்னின்னு கேலி பண்ணுனாங்கன்னு இத்தன நாளா வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கறேன். நாளைக்குப் போட்டோல சிரிக்க வேண்டாம்னுகூட நெனச்சிருந்தேன். அம்மாதுன்னு ஏம்ப்பா சொல்லல?"

"அத எப்படிக் கண்ணு எழுதறது?" என்றார் அவர், திரும்பாமலே. "மரியாதையா இருக்காதுன்னு அடிச்சுப்போட்டேன்."

"எனக்கு இந்த அடிச்சது போதுங்கப்பா. மத்ததெல்லாம் போட்டோலயே இருக்குது."

மறுநாள் மண்டபத்தில் மாப்பிள்ளை தேன்மொழியின் காதில் என்ன சொன்னாரோ, மணமேடையில் மாலையோடு அவள் வாயைப் பொத்தாமல் சிரித்தாள். கொர்ரென்ற சத்தம் மைக்கில் ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது. கல்யாணப் பெண் இப்படியா சிரிப்பாள் என்று ஒரு பெரியம்மா முகத்தைச் சுளித்தார். பந்திக்கு அருகில் நின்ற மேற்படி தலையைத் தூக்கினார். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் வேறு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை.

மகள் புகுந்த வீடு போய்விட்டாள். வந்த வேலை முடிந்துவிட்டது, இனி வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறே குரங்குக் குல்லாவோடு படியேறி வந்து, பாய் எழுதியதில் கடைக்கு வடக்கே என்ன என்று ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு நான் நான்கு வரி உருப்படியாக எழுதுகிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. என் அத்தையோடு நான் சிரித்துப் பேசுகிறேன் என்றால் அதுவும்தான். இதை நேரில் சொன்னால், "அதெல்லாம் எதுக்குங்க அம்மணி" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

போன ஞாயிறு அவர் வரவில்லை. நெஞ்சுச் சளி என்றார்கள். நான் எழுதியதை வாசித்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை மிளகு ரசம் வைத்துத் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தார். கொண்டுபோனேன். கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தவர், இந்தப் பனியில் எதற்கு வந்தீர்கள் என்று கோபித்துக்கொண்டார்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க சார். சீக்கிரமா எந்திரிச்சு வாங்க. நீங்க வந்து குத்தம் சொல்லாம எங்களுக்கு எழுதவே புடிக்கலை."